ஈழ யாத்திரை - 2: பாலாவிக் கரை வரையில்

கோடை விடுமுறைக்கு இலங்கை செல்வதென்று பேச்சு எழுந்தபோது, கண்டி ஏரியையும் நுவரெலியாவின் குளிரையும் நானும் என் மனைவியும் எண்ணிக் களித்திருக்க, என் தாயாரின் தம்பியாகிய மாமாவோ, திருவண்ணாமலையில் தம் வீட்டுத் திண்ணையில் ரயில்வே அட்டவணையையும் தேவாரப் புத்தகத்தையும் அருகருகே விரித்துவைத்துக்கொண்டு, வேறொரு மார்க்கத்தையே வகுத்து முடித்திருந்தார்.

"கண்டி எங்கேயும் போய்விடாதப்பா, அக்காவுக்குக் காலில் தெம்பு இருக்கும்போதே கேதீச்சரத்தையும் கோணமலையையும் தரிசித்துவிட வேண்டும்" என்றார்.

அண்ணாமலைக்கு நேரில் எழுந்தருளி இரண்டு பதிகங்கள் பாடிய திருஞானசம்பந்தர், ஈழத்து அவ்விரு தலங்களையும் இராமேசுவரத்தில் இருந்தபடியே பாடிப் பரவினார் என்பது பெரியபுராணச் செய்தி. அவர் கடவாமல் நின்ற கடலைக் கடக்கும் வசதி வாய்த்த நாம், வெறும் உல்லாசத்திற்காக அதைக் கடப்பது தகுமா என்பது மாமாவின் கேள்வி. அது நியாயமான கேள்வியென்றே இன்றும் கருதுகிறேன்.

1963-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓரிரவு, விழுப்புரத்தில் போட் மெயில் ரயிலில் ஏறினோம். மறுநாள் மண்டபம் என்ற ஊரில் அம்மை குத்திய சான்றுகளைச் சோதித்தார்கள். எங்களோடு வரிசையில் நின்றது, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திற்குத் திரும்பும் ஓர் ஏழைக் குடும்பம். பாட்டன் காலத்தில் கூலிக்குப் போய், தோட்டத்திலேயே மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்தும், 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் எந்நாட்டவர் என்று சொல்லிக்கொள்ள வழியற்றுப் போன லட்சக்கணக்கானவர்களுள் அவர்களும் சேர்ந்தவர்கள். எங்கள் காகிதங்கள் ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தன. அவர்களுடையவை வெகுநேரம் புரட்டப்பட்டன. விடுமுறைக்குச் செல்பவனுக்கு எளிதாகத் திறக்கும் வழி, பிழைப்பிற்குச் செல்பவனுக்கு அவ்வளவு கடினமாயிருப்பது என் மனத்தை மிகவும் வருத்தியது.

1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் 140-க்கு மேற்பட்ட கண்களை வண்டி ஊர்ந்து கடந்து தனுஷ்கோடியை அடைந்தது. அங்கே நாங்கள் கால்வைத்த துறை, அடுத்த ஆண்டு டிசம்பர்ப் புயலில் ஊரோடு அழிந்தது.

நீராவிக் கப்பலின் மேல்தளத்தில், இராமேசுவரம் இருந்த திசையை நோக்கிக் கூப்பிய கைகளை என் தாயார் நெடுநேரம் தாழ்த்தவில்லை.

பசுஞ்சோலைத் தீவொன்றை எதிர்பார்த்துத் தலைமன்னாரில் இறங்கிய எங்களுக்குக் காட்சியளித்தவை, இராமநாதபுரத்துச் சீமையை ஒத்த வெண்மணலும், பனைகளும், தெருவில் தன்னிச்சையாய்த் திரியும் கழுதைகளுமே. மன்னாரில், பழங்காலத்தில் அராபிய வணிகர் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரம் ஒன்று யானைக் கூட்டம் போல் பருத்து நின்றது. எங்கள் பிள்ளைகளுக்கு அதைவிட்டு வர மனமில்லை.

மறுநாள் காலை, திருப்பணி நடந்துகொண்டிருந்த கேதீச்சரத்தில், பாலாவித் தீர்த்தத்தில் முழுகியெழுந்த என் தாயார், ஈரப் புடைவையோடு கரையிலேயே நின்று, அத்தலத்துச் சம்பந்தர் பதிகத்தை முழுவதும் ஓதினார். மாமா உடன் பாட முயன்றார், குரல் எழவில்லை.

கோணமலைக்குச் சென்ற விவரத்தை அடுத்த கட்டுரையில் எழுதுகிறேன்.