இடுப்பு மாறி வளர்ந்த பிள்ளை

சடையங்குப்பத்தில் பிள்ளைக்குச் சோறூட்ட நிலாவுக்காக யாரும் காத்திருந்ததில்லை. பொழுது சாய்ந்தால் மணலிப் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் உச்சியில் தீ எரியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் அதுவும் சாயும். "தோ பாரு, தோ பாரு தீ" என்று காட்டி, பிள்ளை வாயைப் பிளக்கும் நேரம் பார்த்து ஒரு வாய் ரசஞ்சோற்றை உள்ளே தள்ளிவிடுவார்கள். எந்தப் பிள்ளை யார் இடுப்பில் என்பது, அன்றைக்கு யார் கை காலியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இப்போது கிழக்கு லண்டனில் இருக்கிறேன். என் மகன் போகும் நர்சரியில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இரண்டு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைகளுக்கு ஓர் ஆள் என்று இங்கிலாந்தில் விதியே இருக்கிறது. எவ்வளவு நேரம் தூங்கினான், எவ்வளவு பால் குடித்தான் என்று மதியத்துக்குள் போனுக்குத் தகவல் வந்துவிடும். பார்த்துக்கொள்ளும் பெண்கள் நல்லவர்கள். ஆனால் சாயங்காலம் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் அவனுக்கு நான் ஒருத்திதான், எனக்கு அவன் ஒருவன்தான். மறுநாள் காலைவரை.

அம்மா காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கும் கம்பெனிக்கு இருட்டோடு கிளம்பிப் போவாள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லித்தான் இருந்தது. அம்மா வேலை செய்த இடத்தில் அப்படியொரு அறையை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆகவே நான் ஆயாவின், அதாவது என் பாட்டியின், கைக்குப் போவேன். ஆயா ரேஷன் கடைக்குப் போனால் எதிர்வீட்டு அத்தைக்கு. அத்தை தண்ணி லாரிக்கு ஓடினால் அவள் மகளுக்கு. உப்பங்கழியில் கையால் துழாவி இறால் பிடித்துவிட்டுத் திரும்பும் அக்காக்கள்கூடப் பறியை இறக்கிவைத்துவிட்டு ஒரு நிமிஷம் வாங்கிக்கொள்வார்கள். அந்தச் சேற்று வாசம், ஈரப்பாவாடை. இன்றைக்கும் தேம்ஸில் தண்ணீர் வற்றிக் கரைச்சேறு தெரியும் நேரத்தில் அந்தப் பக்கம் போனால் என் கால் தானாக நின்றுவிடுகிறது.

ஆயா பிள்ளையைக் குளிப்பாட்டும் விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாசலில் மணைபோட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, புடவையை முழங்காலுக்கு மேலே வழித்துக்கொண்டு, கணுக்கால் பக்கம் தலை வருகிற மாதிரி பிள்ளையைக் கிடத்துவாள். எண்ணெய் நீவும்போது கை ஒரே போக்கில் போகும். தலைக்கு ஊற்றும்போது மட்டும் இடது உள்ளங்கை நெற்றியில் அணைபோல நிற்கும், கண்ணில் ஒரு சொட்டு இறங்காது. கடைசிச் சொம்புத் தண்ணீரைத் தலையைச் சுற்றி வெளியே வீசுவாள். சாம்பிராணிப் புகையில் காட்டி, தூளியில் போட்டால் பிள்ளை அடித்துப்போட்ட மாதிரி தூங்கும். சந்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அந்தக் காலில் கிடந்தவைதான். என் மகன் மட்டும் கிடக்கவில்லை. அவன் பிறப்பதற்குள் ஆயா போய்விட்டாள்.

மார்கரெட் டிராவிக் என்ற மானிடவியலாளர் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஆராய்ந்து எழுதி, 1990இல் வெளிவந்த 'நோட்ஸ் ஆன் லவ் இன் எ தமிழ் ஃபேமிலி' என்ற புத்தகத்தை இங்கே வந்த பிறகுதான் படித்தேன். தாய்ப்பாசம் அடங்கியிருக்க வேண்டியது, பெற்றவள் கண்ணே பிள்ளைமேல் பட்டுவிடும் என்ற பயம், பெற்றவள் யார் வளர்த்தவள் யார் என்று வேண்டுமென்றே கலந்துவிடும் பழக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. அம்மா வேலை முடிந்து வந்ததும் என்னைத் தூக்காமல், முதலில் அத்தை பிள்ளையைத் தூக்கியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கிற வயதில் கேட்கத் தோன்றவில்லை.

இதை வெறும் இனிப்பாகச் சொல்லிவிடக் கூடாது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் 1990களிலிருந்து ஆய்வு செய்துவரும் பென்னி வேரா-சான்சோ, வயதான பெண்கள் வீட்டு வேலையையும் பேரப்பிள்ளைகளையும் ஏற்றுக்கொள்வதால்தான் இளைய பெண்களால் சம்பாதிக்கப் போக முடிகிறது என்று காட்டுகிறார். ஆயாவுக்கு ஓய்வு என்று ஒன்று வந்ததே இல்லை. பெரியம்மா மகள் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டது, எனக்கும் தம்பிக்கும் ஆள் வேண்டும் என்பதால்தான். நான் ஏங்குகிற இடுப்பு ஒரு சின்னப் பெண்ணின் இடுப்பு. அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் முதல்முறையாக நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. வீட்டில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்வதில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 134 நிமிடங்கள், ஆண்கள் 76 நிமிடங்கள். நல்ல வேலை, அவசியமான வேலை. ஒரு நாளை அரைமணி அரைமணியாகப் பிரித்து, பத்து நிமிஷமாவது நீடித்த காரியத்தை எழுதிக்கொண்டார்கள். படிக்கும்போது எனக்கு மனசு வலித்தது. நான் வளர்ந்ததெல்லாம் பத்து நிமிஷத்துக்குள்ளேயே. அத்தை அரிசி களைந்துகொண்டே என் மூக்கைச் சிந்திவிட்டது, பீடிக்கடைத் தாத்தா ரோட்டுப் பக்கம் போகாமல் சட்டையைப் பிடித்து இழுத்தது, யாரோ ஒருத்தி "இன்னா, சாப்ட்டியா" என்று வாயைப் பிடித்து முகர்ந்து பார்த்தது. இவையெல்லாம் எந்த அரைமணியில் வரும்? உங்கள் ஊரிலும் இப்படி யாரோ இருந்திருப்பார்கள். பெயர்கூட மறந்திருக்கும். விரல் ஞாபகம் இருக்கும்.

புழல் ஏரியின் உபரிநீரைத் திறந்துவிட்டால் எங்கள் ஊரைத் தண்ணீர் சூழ்ந்துவிடும். 2015இல் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஊர்க்காரர் அனுப்பிய வீடியோவை இங்கே இருந்து பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகளைக் கைமாற்றி வாங்கி வாங்கி மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். எது யார் பிள்ளை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பயத்தில் அழுதேன். பயத்தில் மட்டும் இல்லை, அந்தக் கைகளைப் பார்த்தும்தான்.

அதற்குப் பிறகு அத்தை வீட்டில் காலிசெய்துகொண்டு மாதவரம் போய்விட்டார்கள். சந்தில் கேட் போட்ட வீடுகள் வந்துவிட்டன. பெரியம்மா மகள் மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். எடுத்ததும் நலம் விசாரிக்க மாட்டாள். "புள்ளைய யாராண்ட குடுத்துட்டுப் பேசற?" என்பதுதான் முதல் கேள்வி. என் மடியிலேதான் இருக்கிறான் என்று சொன்னால் கொஞ்ச நேரம் பேசமாட்டாள். அவளுக்கு அது கஷ்டமாக இருக்கும். நான் வேறு ஏதாவது கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.