ஒரு காதால் கேட்ட பாட்டு

காலையில் திருநீறு பூசித் தேவாரம் பாடிவிட்டுக் கல்லூரிக்குப் படிப்பிக்கச் செல்லும் நாம், நாற்பது வயதுக்கு மேல் மெற்றல் இசை கேட்கிறோம் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். நகைத்தாற் குற்றமில்லை, எம் வீட்டிலும் நகைக்கத்தான் செய்கிறார்கள். ஆயினும், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், மைத்துனர் வீட்டு மண்டபத்தின் நடுவே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேலாக அசையாது அமர்ந்திருந்தோமே, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாம் கேட்டது சுவீடன் நாட்டு ஓபெத் குழுவினரின் ‘ஸ்டில் லைஃப்’ என்னும் இசைத்தட்டு. 1999ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் முதலில் வெளிவந்தது. ஏழு பாடல்கள், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதனையே 2008இல் ஆறு வழிச் சூழொலியாகக் கலந்து, பழைய பதிவையும் கூடச் சேர்த்து, இரண்டு தட்டுகளாக மீண்டும் வெளியிட்டார்கள். கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்த உறவினர் ஒருவர், “உங்கட சிநேகிதர் தந்துவிட்டவர்” என்று அதனை எம்மிடம் ஒப்படைத்துச் சென்றார். கடிதம் ஏதும் உள்ளே இல்லை.

அந்த நண்பரைப் பற்றிச் சொல்லவேண்டும். 2003இல் பேராதனைப் பல்கலைக்கழக விடுதியிலே அவரும் நாமும் ஓர் அறையில் இருந்தோம். எமக்குத் தெரிந்த இசையெல்லாம் கோயில் நாதஸ்வரமும் வானொலிச் சினிமாப் பாட்டுமே. அவரோ கொழும்பிலிருந்து பிரதி செய்த தட்டுகளைக் கொண்டுவந்து இரவிரவாகக் கேட்பவர். “இது பேய் உறுமுகிற சத்தம், படிக்கிற பிள்ளைகள் கேட்கிற பாட்டா இது?” என்று கண்டித்தோம். அவர் கோபிக்கவில்லை. ஒருநாள் இடக்காதுக் குமிழை எம் காதிலே செருகி, வலக்காதுக் குமிழைத் தம் காதிலே வைத்துக்கொண்டு, “கதையைக் கேள் மச்சான், பிறகு ஏசு” என்றார்.

கதை எம்மைப் பிடித்துக்கொண்டது. ஊரவரின் சமய நம்பிக்கை தன்னிடம் இல்லாமையால் பிறந்த ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஒருவன், பதினைந்து கோடைகள் கழித்துத் திரும்பி வருகிறான். வருவது மெலிண்டா என்னும் பழைய காதலிக்காக. அவளோ ஊரின் நெறிக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டாள். ஆயினும் அவள் உள்ளத்தில் அவன்மேல் அன்பு மாறவில்லை. அவளை ஊரதிகாரம் கொன்றுவிடுகிறது; அவன் வெறிகொண்டு பழிதீர்த்து, முடிவில் தூக்குமேடை ஏறுகிறான். பாடல்களை இயற்றிப் பாடும் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் இரண்டு குரல்களில் இக்கதையைச் சொல்கிறார்: சீற்றம் மூளும் இடத்தில் உறுமல், நினைவு நெகிழும் இடத்தில் தெளிந்த குரல். உறுமல் குரலின் குறைபாடன்று, பயின்று பெற்ற வித்தை என்பதை அறிய எமக்கு ஒரு தவணை முழுவதும் பிடித்தது.

அன்று முதல் படிப்பு முடியும்வரை இரவுகளில் அப்படியே கேட்டோம். இடப்பக்கம் எமக்கு, வலப்பக்கம் அவருக்கு. அவர் கண்ணை மூடித் தொடையிலே தாளம் தட்டுவார். அந்தத் தாளம் சில வேளைகளிற் பிந்தும். இவ்வளவு இசை கேட்பவருக்குத் தாள ஞானம் இவ்வளவு குறைவா என்று மனத்துக்குள்ளே சிரித்திருக்கிறோம்.

2006இல் அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளிநாடு போய்விட்டார். காரணம் இருந்திருக்கும், அக்காலத்தில் யாருக்குத்தான் காரணம் இருக்கவில்லை? ஆனால் எமக்கு மனம் ஆறவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தபோது இரண்டு வார்த்தை பேசி வைத்துவிட்டோம். பின்னர் பேச்சில்லை. அந்த இசைத்தட்டையும் நாம் தொடவில்லை.

இனி இந்தச் சூழொலி என்பது என்னவென்று பார்ப்போம். ஒலிப்பதிவுக் கூடத்தில் முரசு, கிற்றார், குரல் ஒவ்வொன்றையும் தனித்தனித் தடத்திலே பதிவு செய்கிறார்கள். சாதாரணப் பதிவிலே அத்தனையையும் இடம், வலம் என்ற இரண்டு வாசல்களுக்குள் நெருக்கி விடுகிறார்கள். முடிந்த கலவையை மெருகிடுவது ஒரு வேலை. பழைய தடங்களையே மீண்டும் திறந்து ஒவ்வொன்றையும் புதிய இடத்தில் அமர்த்துவது வேறு வேலை. சூழொலிக்கு இரண்டாவதே வேண்டும். முன்னே மூன்று ஒலிபெருக்கி, பக்கவாட்டிற் சற்றுப் பின்னே இரண்டு, அடித்தொனிக்கென்று தனியே ஒரு பெட்டி. நடுவிலிருப்பவருக்கு முன் இரண்டும் முப்பது பாகை விலகியும், பின்னவை நூற்றுப்பத்துப் பாகை அளவிலும் இருத்தல் விதி. எம்மவர் வீடுகளிலோ ஐந்தையும் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலே வரிசையாக அடுக்கி வைப்பதுதான் வழக்கம்! மைத்துனர் வீட்டிலும் அவ்வாறே இருந்தன. கம்பி நீட்டி அவற்றை உரிய இடத்தில் வைக்கவே எமக்கு முற்பகல் முழுவதும் சென்றது.

நமக்கு இது புதிதுமன்று. சுவாமி வெளிவீதி வரும்போது நடுவே நின்று பாருங்கள். நாதஸ்வரமும் தவிலும் முன்னே போகும், மணியோசை பக்கத்திலே, திருமுறை ஓதுவோர் சுவாமிக்குப் பின்னே வருவர். எல்லாம் ஒரே வேளையில் ஒலித்தும் ஒன்றையொன்று மறைப்பதில்லை. அந்த ஒலிகளை ஒரு பெட்டிக்குள் அடைத்துக் கேட்டவர்க்கே அது இரைச்சலாகத் தோன்றும்.

தட்டு சுழலத் தொடங்கியது. முதற்பாடலான ‘த மூர்’ தொலைவிலிருந்து மெல்ல மெல்ல அணுகி வருவது. பதினொரு நிமிடத்துக்கு மேற்பட்டது. அடித்தொனிப் பெட்டி முழங்கியதும் கண்ணாடி அலுமாரியில் இருந்த கோப்பைகள் கிணுகிணுத்தன. மைத்துனர் மனைவி ஓடிவந்து அவற்றை இறக்கி வைத்தார். அதன் பிறகே எமக்குச் செவி முழுதும் திறந்தது. சில சூழொலித் தட்டுகளில் ஒலியைத் தலையைச் சுற்றிப் பம்பரம்போல ஓடவிட்டு வித்தை காட்டுவார்கள். எம் செவிக்கு இதில் அக்குறை தோன்றவில்லை. ஆட்கள் இருந்த இடத்திலே இருந்து வாசிக்க, நடுவே நமக்கொரு கதிரை போட்டது போலிருந்தது.

மூன்றாவது பாடலான ‘பினைற்றெட்’டிலே உறுமலே கிடையாது. ஐந்தாவதான ‘ஃபேஸ் ஒஃப் மெலிண்டா’வும் அவ்வாறே, முரசை அடிக்காமல் தூரிகையால் வருடித் தொடங்கும் பாட்டு அது. இரண்டும் எமக்கு மனப்பாடமானவை என்று எண்ணியிருந்தோம். ஆனால் அன்று, இருபது ஆண்டுகளாக நாம் அறியாத ஒரு கிற்றார் எதிர்ப்புறத்திலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு கிற்றார்க் கலைஞர் உள்ள குழுக்களில் ஒருவரை இடப்புறமும் மற்றவரை வலப்புறமும் நிறுத்துவது ஒலிப்பதிவாளர் வழக்கம். ஓக்கர்ஃபெல்ட்டுக்குத் துணையாக இதில் வாசித்தவர் பீற்றர் லின்கிரன். ஆக, ஒரு காதால் கேட்ட நாம் உரையாடலில் ஒருவர் பேச்சை மட்டுமே கேட்டு, அதுவே முழுக்கதை என்று நம்பியிருந்திருக்கிறோம்.

ஆறாவது பாடலில், அவள் இறந்தபின், அவன் உறுமல் மண்டபத்தை நிறைத்தது. அடுத்த அறையில் படுத்திருந்த எம் அன்னையார் எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். நிறுத்தச் சொல்லுவார் என்று கையை நீட்டினோம்.

“உதாரடா தம்பி, இப்பிடிக் குளறி அழுகிறான்? ஆரும் செத்துப்போச்சினமோ?” என்று கேட்டார்.

ஓம் என்றோம். அவர் மேலும் ஒன்றும் கேட்காமல் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, கடைசிப் பாட்டு முடியும்வரை இருந்தார்.

தட்டு நின்றபோது மாலை ஐந்து மணி. கனடாவில் அப்போதுதான் காலை. உறவினரிடம் கேட்டு வாங்கிய இலக்கத்தை அழைத்தோம். இத்தனை ஆண்டுகளுக்குப் பின் முதல் வார்த்தை எதுவாக இருக்கவேண்டும் என்று யோசித்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. “அந்த மெலிண்டாப் பாட்டிலை மற்றப் பக்கத்துக் கிற்றார் இவ்வளவு வடிவென்று ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?” என்றுதான் வாயில் வந்தது.

மறுமுனையில் சற்று நேரம் மௌனம். பிறகு அந்தப் பழைய சிரிப்பு.

“எனக்கெங்கை மச்சான் கேட்டது? வலப்பக்கத்துக் கம்பி முதல் மாதமே அறுந்துபோச்சு. சொன்னால் நீ மற்றதையும் கழற்றித் தந்துபோட்டுப் படிக்கப் போயிருப்பாய்.”

பிந்திப் பிந்தி விழுந்த அந்தத் தாளம் நினைவுக்கு வந்தது. எம் தலையசைப்பைப் பார்த்தன்றோ தட்டியிருக்கிறார்!

பேச நாவெழாமல் நின்றோம். அவரே அம்மாவின் சுகத்தை விசாரித்தார். தொலைபேசியை அன்னையாரிடம் கொடுத்துவிட்டு, இறக்கி வைத்த கோப்பைகளை ஒவ்வொன்றாக அலுமாரியில் அடுக்கத் தொடங்கினோம்.