குளியலறையில் கணிதம்

கோலா தெர்லாத் தேயிலைச் சரிவில் விடியற்குளிருக்கு அஞ்சிப் போர்வைக்குள் முடங்கிப் படிக்கும் மாணவர்க்கு இக்கதை நன்கு விளங்கும்.

1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற கணித மேதை இராமானுஜன், அங்குக் கழித்த இறுதி ஆண்டுகளில் பெரும்பகுதி நோயாளியாகவே இருந்தார். காசநோய்க்குக் குளிர்காற்றே மருந்தென நம்பிய காலம். சானடோரியத்து அறையில் கணப்பு மூட்ட இசையவில்லை. விரல் விறைத்தால் எண் எவ்வாறு ஓடும்? குளியலறை மட்டும் கதகதப்பாயிருந்தது. நாள்தோறும் பேனாவும் தாளுமாய் அங்கே சென்று ஒரு மணி நேரம் எழுதப்போவதாக ஆசான் ஹார்டிக்குத் தெரிவித்தார். முறையீட்டுக் கடிதந்தான், ஆயினும் இரண்டு மூன்று கட்டுரைகள் விரைவில் வருமென்ற வாக்குறுதியும் அதில் இருந்தது! சைவ உணவுக்கு அவர் பட்ட பாடோ தனிக்கதை.

1918இல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. தாயகத்துக்குக் கப்பலேறுமுன், 1919 ஜனவரியில், தமக்கு ஆண்டுதோறும் வழங்கவிருந்த 250 பவுனில் மிஞ்சுவது ஏழை, அனாதைச் சிறுவரின் கல்விக்குச் செல்லட்டுமென்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்.