கறிவேப்பிலையும் காந்தமும்

அம்மா ஊரிலிருந்து புனே வரும்போதெல்லாம் பையில் முதலில் இருப்பது கறிவேப்பிலைதான். ஈரத்துணியில் சுற்றி ரயிலேறி வந்துவிடும். இந்த முறை ஒரு வித்தியாசம். கொல்லையில் இருந்த மரம் பட்டுப்போய்விட்டதாம், சந்தையில் வாங்கி வந்திருந்தார்.

"ஏன்டா, மருந்து பாக்குற லேப்லதான இருக்க? இதுல மருந்து இல்லன்னு பார்த்துச் சொல்லேன்."

தங்கமணியும் "அதானே!" என்றார். நான் திருதிருவென்று விழித்தேன் :)

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கொள்கிறேன்.

எங்கள் வேலையில் கறிவேப்பிலை ஒரு தலைவலி. தனி வரம்பு சொல்லாத பூச்சிமருந்துக்கு ஐரோப்பாவில் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அந்தத் துளியைத் தேடும்போது இலையின் பச்சையமும் கூடவே கரைந்து வந்து கருவியைக் கெடுக்கும். 2003-ல் வெளிவந்த கெச்சர்ஸ் முறையில் இலையை அரைத்து, அசிட்டோநைட்ரைலும் உப்பும் போட்டுக் குலுக்கி, தெளிந்ததை எடுத்து, அழுக்கைப் பிடிக்க உறிஞ்சுபொடி சேர்ப்போம். அந்தப் பொடியில்தான் இப்போது நானோ துகள்கள் வந்திருக்கின்றன. இரும்பு ஆக்சைடு துகளின் மேல் கார்பன் பூச்சு. கலக்கிவிட்டுப் புட்டியின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால், பொடி மொத்தமும் ஓரமாய் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் மணலில் காந்தம் இழுத்து விளையாடினோமே, அதேதான்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு பொடியைக் கறிவேப்பிலைக்குப் போட்டுப் பார்த்தேன். கரும்பச்சைச் சாறு தண்ணீர் மாதிரி தெளிந்துவிட்டது. ஒரே சந்தோஷம்! கார்பென்டசிம் 'கண்டறியப்படவில்லை' என்று அறிக்கையும் அடித்தாயிற்று. கையெழுத்துதான் பாக்கி.

கூட வேலை பார்த்த மராத்தி அம்மணி ஒன்றே ஒன்று கேட்டார்: "ஸ்பைக் போட்டுப் பார்த்தீர்களா?"

மருந்தில்லாத இலையில் தெரிந்த அளவு மருந்தை நாமே சேர்த்து, எவ்வளவு திரும்ப வருகிறது என்று பார்ப்பதுதான் ஸ்பைக். 70 முதல் 120 சதவீதம் வரவேண்டும். எனக்குப் பாதிகூட வரவில்லை. கார்பென்டசிம் தட்டையான மூலக்கூறு, கார்பனில் நன்றாக ஒட்டும். பச்சையத்தோடு சேர்த்து மருந்தையும் பொடி விழுங்கியிருந்தது. அதே மாதிரியைக் கார்பன் இல்லாமல் மறுபடி செய்தபோது, மருந்து இருந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தத் தாளை நம்பி யாரோ சாப்பிட்டிருப்பார்கள்.

நிற்க. மருந்தை மட்டும் பிடிக்கும் பொடியும் உண்டு. கொழுக்கட்டை அச்சு மாதிரி, ஒரு மூலக்கூறைச் சுற்றி பாலிமரை வளர்த்து, பிறகு அந்த மூலக்கூறைக் கழுவி எடுத்துவிடுவார்கள். மிஞ்சும் குழியில் அதுவும் அதன் நெருங்கிய சொந்தங்களும்தான் உட்காரும். ஆனால் நூறு மருந்தை ஒரே நேரத்தில் தேடும் எங்களுக்கு ஒரு அச்சு போதாதே. அதனால் பொடி எதுவானாலும் ஸ்பைக் போடாமல் இப்போது கையெழுத்துப் போடுவதில்லை.

அம்மாவிடம் சொன்னேன்: "தேடின மருந்து, இந்த அளவுக்கு மேல இல்லன்னுதான் சொல்ல முடியும்மா. எதுவுமே இல்லன்னு யாராலும் சொல்ல முடியாது."

"அப்ப ரெண்டு தண்ணி கூடக் கழுவுறேன்."

"மேல இருக்கறது கொஞ்சம் போகும். உள்ள ஏறினது போகாது."

அம்மா சற்று யோசித்தார். "இதுக்கா இவ்வளவு படிச்ச?"

அடுத்த முறை ஒரு கறிவேப்பிலைக் கன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பால்கனியில் தொட்டி தயார் :)