சோப்பு டப்பா விளக்கு

எனக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் ஸ்நானப்ராப்தி கூட கிடையாது. வீட்ல டியூப்லைட் எரியலைன்னா ஸ்டார்ட்டரைத் திருகிப் பார்ப்பேன். அப்பவும் எரியலைன்னா எலக்ட்ரீஷியனுக்குப் போன். அவ்வளவுதான் நம்ம ஞானம். அப்பேர்ப்பட்ட நான் ஒரு விளக்கு செஞ்ச கதை இது. சிரிக்காம படிங்க.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்ததே, ஞாபகம் இருக்கா? வேளச்சேரி பக்கம் எங்க தெருவுல மூணு நாள் கரண்ட் இல்லை. பரண்ல இருந்த எமர்ஜென்சி லைட்டை எடுத்தா, அது எப்பவோ ரிட்டயர் ஆகியிருந்துச்சு. மாசக்கணக்கா சார்ஜ் போடாம வச்சா உள்ள இருக்கற பேட்டரி செத்துப் போயிடும்னு அப்பதான் தெரிஞ்சுது. செல்போன் டார்ச்செல்லாம் முதல் ராத்திரியோட காலி. மிச்சம் மெழுகுவர்த்திதான்.

ரெண்டாம் நாள் ராத்திரி பாத்ரூம் வாசல்ல அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க. ஒரு கையில மெழுகுவர்த்தி, இன்னொரு கையில சுவர். நல்லவேளை, எலும்பு எதுவும் உடையலை. முழங்கை வீக்கத்தோட போச்சு. "என்னை எழுப்பியிருக்கலாமேம்மா"ன்னேன். "நீ அசந்து தூங்கிட்டிருந்தேடா"ன்னாங்க.

கரண்ட் வந்துச்சு, தண்ணி வடிஞ்சுது, நாங்களும் மறந்தாச்சு. ஒரு மாசம் கழிச்சு தங்கமணிதான் கவனிச்சுச் சொன்னாங்க. "அத்தை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தண்ணியே குடிக்கறதில்லை, பார்த்தீங்களா?"

அம்மாகிட்ட கேட்டா, தண்ணி குடிச்சா ராத்திரி எழுந்திருக்கணுமாம். அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிட்டா என்ன பண்றதாம். 74 வயசு, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறவங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு.

கடையில வேற லைட் வாங்கலாம்தான். ஆனா வாங்கினது நட்டாத்துல விட்டதைத்தான் பார்த்தோமே. எனக்கு வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். சார்ஜ் போடற வேலை இருக்கக் கூடாது, சாதாரண பென்சில் பேட்டரில எரியணும். ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கற மாதிரி கழுத்துல மாட்டிக்கணும். ஒரே ஒரு ஸ்விட்ச். கெட்டுப் போனா நானே பிரிச்சுப் பார்க்கணும்.

ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய் வெள்ளை எல்ஈடி நாலு, மூணு பேட்டரி போடற ஹோல்டர், ஸ்விட்ச், ரெசிஸ்டர் எல்லாம் வாங்கிட்டு வந்தேன். வந்த ஜோர்ல, வீட்ல கிடந்த 9 வோல்ட் சதுர பேட்டரில எல்ஈடியை நேரா வச்சேன். பளீர்! அடுத்த நொடி இருட்டு. ஒண்ணு அவுட்.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். இது குண்டு பல்பு மாதிரி இல்லைங்க. வெள்ளை எல்ஈடிக்குச் சுமார் 3 வோல்ட் போதும். அதுக்கு மேல கொஞ்சம் கூட்டினாலும் கரண்ட் மடமடன்னு ஏறிடும். போதும்னு சொல்லத் தெரியாத ஜீவன். அதனால நடுவுல ரெசிஸ்டர் போட்டு நாமதான் இழுத்துப் பிடிக்கணும். கணக்கு ரொம்ப சிம்பிள். மூணு பேட்டரி, 4.5 வோல்ட். எல்ஈடி எடுத்துக்கறது சுமார் 3.1. மிச்சம் 1.4. அதை 100 ஓம்ஸால வகுத்தா 14 மில்லிஆம்பியர். இந்தச் சின்ன எல்ஈடி 20 வரைக்கும் தாங்கும்.

அதே மாதிரி இணைச்சேன். எரியலை. நீளக் கால்தான் பிளஸ், சரியாத்தான் இருக்கு. ஒயரைப் பிடுங்கி மாட்டினேன், பேட்டரியை மாத்தினேன். ம்ஹூம். வெறுத்துப் போய் மேஜையில அப்படியே போட்டுட்டு லைட்டை அணைச்சேன். பின்னாடியே அம்மா குரல்: "டேய், இது மின்மினி மாதிரி மினுங்குதேடா!"

நிஜமாவே மினுங்கிட்டிருந்துச்சு. அப்படின்னா இணைப்பு சரி. ரெசிஸ்டரைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். 100 ஓம்ஸ்னா பழுப்பு, கருப்பு, பழுப்புன்னு கோடு இருக்கணும். என்கிட்ட இருந்தது பழுப்பு, கருப்பு, மஞ்சள். அதாவது ஒரு லட்சம் ஓம்ஸ்! கடையில "நூறு"ன்னு மொட்டையா கேட்டிருக்கேன், அவர் நூறு கிலோ ஓம்ஸைக் கொடுத்துட்டார். ஹி ஹி.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ரிச்சி தெரு. இந்தத் தடவை கோடு எண்ணிப் பார்த்து வாங்கினேன். சால்டரிங் பண்ணும்போது கட்டைவிரலைச் சுட்டுக்கிட்டது தனிக்கதை. எல்லாத்தையும் ஒரு வெள்ளை சோப்பு டப்பாக்குள்ள அடைச்சேன். டப்பா மங்கலா இருக்கறதால வெளிச்சம் கண்ணைக் குத்தாம பரவுது. தொங்கவிட என் பழைய ஆபீஸ் ஐடி கார்டு கயிறு. நல்ல அல்கலைன் பேட்டரின்னா 2000 மில்லிஆம்பியர் மணி சுமாருக்கு வரும். கணக்குப்படி நூறு மணி நேரத்துக்கு மேல. போகப் போக மங்குமே தவிர, பொசுக்குன்னு கைவிடாது.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு நடுராத்திரி ஃபேன் நின்னுச்சு. எழுந்திருக்கலாமான்னு யோசிக்கும்போதே பக்கத்து ரூம்ல 'டிக்'னு சத்தம். சுவரோரமா ஒரு வெளிச்சம் மெதுவா நடந்து போச்சு. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்துச்சு. மறுபடியும் 'டிக்'. நான் எழுந்திருக்கலை.

காலையில பார்த்தா அம்மா கட்டில் பக்கத்துல ஒரு சொம்பு. பாதித் தண்ணி குறைஞ்சிருந்துச்சு.

டிஸ்கி: செஞ்சு பார்க்கப் போறவங்க மறக்காம "நூறு ஓம்ஸ்"னு முழுசா கேளுங்க.