இரும்பில் பொறித்த எண்

உரிமம் பெற்ற தனிநபர் இருவருக்கிடையே துப்பாக்கி கைமாறுவதை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடுக்கவில்லை. சொந்த உபயோகத்துக்காக அதை வைத்திருப்பவர், வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பின் விற்கலாம் என்று அதன் 5ஆம் பிரிவு அனுமதிக்கிறது. திருவனந்தபுரத்தில் மாஜிஸ்திரேட்டுக்கான இக்கடிதம், அப்பொறுப்பை வகிக்கும் கலெக்டரின் குடப்பனக்குன்று சிவில் ஸ்டேஷன் அலுவலகத்துக்குச் செல்கிறது. வாங்குபவரும் உரிமம் உடையவராக இருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இத்தகைய கைமாற்றத்தில் இருவருக்கும் இடையில் நிற்கும் ஆயுத வணிகரை, அதாவது துப்பாக்கி விற்கவும் பிறர் ஆயுதத்தைப் பாதுகாப்பில் வைக்கவும் உரிமம் பெற்றவரை, வெறும் கிடங்குக்காரராகக் கருதும் போக்கு வருந்தத்தக்கது. தயாரிப்பாளர் பெயரோ எண்ணோ வேறு அடையாளக் குறியோ இல்லாத துப்பாக்கியை விற்பதை 8ஆம் பிரிவு தடை செய்வதால், எண்ணை இரும்பிலிருந்தே படித்தறிவது அவர் தொழிலின் உயிர்நாடியாகும். பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியில் தோட்டா இல்லையென்று உறுதி செய்து, குழலின் அடியில் இடக்கை பற்றும் மரப்பகுதியைக் கழற்றி, குழலைத் தனியே பிரித்தெடுத்த பிறகே, அதன் அடித்தட்டையிலும் அது பொருந்தும் உடற்பகுதியிலும் பொறித்த எண்கள் தெரிய வரும். இரண்டும் வேறுபட்டால் ஒரு துப்பாக்கியின் குழல் மற்றொன்றில் ஏறியிருக்கலாம். தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் துருவேறி 3 என்பது 8 போலவும், கருநிறம் ஏற்றுவதற்காக அளவுக்கு மீறி மெருகிட்டதால் 7 என்பது 1 போலவும் தோன்றும். அப்போது மண்ணெண்ணெயில் துருவை ஊறவைத்து, மென்தூரிகையால் துடைத்து, சாய்வான வெளிச்சத்தில் உருப்பெருக்கியின் வழியே பார்த்தும் தெளியாவிட்டால், அதைக் கலெக்டருக்கு எழுதித் தெரிவித்துக் காத்திருப்பதே முறை. ஊகித்து எழுதுவது பிழை, எண்ணைத் திருத்திப் பொறிப்பதோ அதே பிரிவின்படி குற்றம்.

இப்பொழுது ஆயுதக் கடைகளில் பொறுப்பேற்றுள்ள இளையோரிற் பலர் உரிமப் புத்தகத்திலுள்ள எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, துப்பாக்கியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. என்றோ ஓர் எழுத்தர் தவறாக எழுதிய இலக்கம் இவ்வாறு ஆயுத உரிமங்களின் தேசியத் தரவுத்தளத்திலும் ஏறி, அடுத்த விற்பனையின்போது உரிமையாளரின் வாரிசின் தலையில் விழுகிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, மிகுதியை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ வணிகரிடமோ ஒப்படைக்கச் சொன்ன காலமே இச்சோதனைக்கு ஏற்ற வாய்ப்பாக இருந்தது. ரசீது எழுதும் அவசரத்தில் அது வீணாயிற்று.

ஆகவே விற்பவரும் வாங்குபவரும், தம் கண்முன்னே குழல் கழற்றப்பட்டு, எண் வாய்விட்டுப் படிக்கப்பட்டு, இரு உரிமங்களோடும் ஒப்பிடப்பட்ட பின்னரே பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அதற்கு உடன்படாத வணிகரிடம் துப்பாக்கியை ஒப்படைக்கலாகாது.