சப்பாத்துக்குள் அடங்கிய வினைச்சொல்

புத்தளம் என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது உப்பு, அடுத்தது தென்னை. வரலாறு கற்றோர் 1344ஆம் ஆண்டில் அக்கரையில் வந்திறங்கிய இபின் பதூதா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரிகரை நினைப்பர். இலக்கியம் கற்றோர், கல்பிட்டியிற் பிறந்து, தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டி 1859இல் ஆங்கிலத்தில் நூலாக்கிய சைமன் காசிச் செட்டியை நினைப்பர். ஆனால், ஸ்பானிய மொழியின் வினைச்சொல் ஒன்றை விளங்கிக்கொண்டு புத்தளத்திலிருந்து திரும்பியவர்கள் எம்மைத் தவிர வேறு எவரேனும் இருப்பரோ என்பது ஐயமே. அந்த விந்தையை வாசக அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் எமது தமையனாரின் மகள் கனடாவிலிருந்து வந்திருந்தாள். வயது பதினாறு. ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு நாட்டின் மேற்குக் கரையைக் காட்டும் பொறுப்பு எம்மிடம் விடப்பட்டது. கொழும்புக் கோட்டையிலே புகையிரதம் ஏறினோம். நீர்கொழும்பு கடந்தது, சிலாபம் வந்தது. முன்னேஸ்வரப் பெருமானை மனத்தால் வணங்கி, திரும்பும் வழியில் இறங்கித் தரிசிப்பதாக வேண்டிக்கொண்டோம். அதற்கப்பால் தென்னந்தோப்புகளின் நடுவே முந்தல் களப்பு வெள்ளித் தகடு போல இடையிடையே தோன்றி மறைந்தது.

பிள்ளையோ சன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. மடியில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாடசாலையில் ஸ்பானிய மொழி கற்கிறாளாம். விடுமுறை முடிந்ததும் பரீட்சையாம்.

"இந்த ஒரு வேர்ப் மட்டும் வருகுதே இல்லை, சித்தப்பா. நான் ஏலாது" என்றாள்.

"நான் ஏலாது என்று சொல்வதில்லை, பிள்ளை, எனக்கு ஏலாது" என்று திருத்தினோம். ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு விடுமுறையிலும் இந்நோய் விடுவதில்லை.

"அதுதான் பிரச்சினை. இந்த வேர்ப்புக்கும் அதே மீனிங்தான்" என்று அவள் கொப்பியைத் திருப்பிக் காட்டினாள்.

வேர் மாறும் வினை

அவள் காட்டிய வினை 'பொதேர்'. 'இயலுதல்' என்பது பொருள். யாழ்ப்பாணத்தார் வாயில் 'ஏலும்'. ஸ்பானிய மொழியிலே நாள்தோறும் நூறு முறை வந்து போகும் சொல் அது. ஆனால், அதனைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ஈறு மாற்றிச் சொல்லப் புகுந்தால், ஈறு மட்டுமன்றி அடிச்சொல்லே நிறம் மாறிவிடுகிறது. எனக்கு ஏலும் என்பதற்குப் 'புவேதோ'. உனக்கு ஏலும் என்பதற்குப் 'புவேதெஸ்'. அவனுக்கோ அவளுக்கோ ஏலும் என்றால் 'புவேதெ'. அவர்களுக்கு ஏலும் என்றால் 'புவேதென்'. இந்த நான்கிலும் 'பொ' என்பது 'புவே' ஆயிற்று. எங்களுக்கு ஏலும் என்பதற்கு மட்டும் 'பொதேமொஸ்'; உங்களுக்கு ஏலும் என்பதற்குப் 'பொதேய்ஸ்'. இவ்விரண்டிலும் பழைய 'பொ' மாறாமல் நிற்கிறது.

அவளுடைய ஆசிரியை இதற்கு ஒரு சூழ்ச்சி கற்பித்திருந்தாள். ஒருமை மூன்றையும் இடப்புறத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகவும், பன்மை மூன்றையும் வலப்புறத்தில் அவ்வாறே எழுதி, வேர் மாறிய நான்கையும் ஒரு கோட்டால் சூழ்ந்தால், நெடிய சப்பாத்து ஒன்றின் உருவம் வரும். சப்பாத்துக்கு உள்ளே இருப்பவை மாறும். வெளியே இருப்பவை மாறா. நாம் எமது பங்குக்கு ஒன்று கூறினோம்: 'சப்பாத்து' என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து நம்மிடம் வந்தது, அதன் உடன்பிறப்பு ஸ்பானியத்திலும் உண்டு. பிள்ளை முதன்முறையாகக் கொப்பியிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

"ஏன் மாறுது, சித்தப்பா?"

எமக்கு ஸ்பானியம் தெரியாது. ஆயினும் கல்லூரி நாளில் மொழிநூல் கற்றிருந்தோம். காரணம் அசையழுத்தத்திலே இருக்கிறது. இலத்தீன் மொழியின் குற்றெழுத்தான ஒகரம், சொல்லின் அழுத்தம் தன்மேல் விழும்போது, காஸ்தில் நாட்டு மக்களின் வாயில் இரண்டாகப் பிளந்து 'உவே' ஆயிற்று. 'புவேதோ' என்னும்போது அழுத்தம் வேரின் மேல் விழுகிறது, வேர் பிளக்கிறது. 'பொதேமொஸ்' என்னும்போது அழுத்தம் ஈற்றுப் பக்கம் நகர்ந்துவிடுகிறது; வேர் பிழைத்துக்கொள்கிறது. அண்டை நாடான போர்த்துக்கல்லில் இந்தப் பிளவு நிகழவில்லை. கதவுக்கு ஸ்பானியர் 'புவேர்த்தா' என்பர். போர்த்துக்கேயர் 'போர்த்தா' என்பர்.

"தமிழில் இந்தக் கரைச்சல் இல்லை" என்று பெருமூச்செறிந்தாள்.

நாம் சிரித்தோம். "வா என்கிறோம், வந்தேன் என்கிறோம், வருவேன் என்கிறோம். காண் என்பது கண்டேன் என்று குறுகுகிறது. இதெல்லாம் கரைச்சல் இல்லையா? உன் அப்பாச்சி உனக்குக் கட்டம் கீறியா இதைக் கற்பித்தாள்?"

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பாலாவியின் உப்பளங்கள் வெயிலிற் பளபளத்தன. வெண்குவியல்களின் மேல் வேய்ந்த ஓலைகள் காற்றில் அசைந்தன. வண்டி புத்தளம் சேர்ந்தது.

சிரம்பையடியில் ஒரு பிற்பகல்

புத்தளத்தில் கணித ஆசிரியராயிருக்கும் எமது நண்பர் புகையிரத நிலையத்தில் காத்திருந்தார். பகலுணவு அவர் இல்லத்தில் முடிந்தது. களப்போரத்தில் உலவும் கழுதைகளைக் கண்டு பிள்ளை படம் பிடித்துக்கொண்டாள். அவளது ஸ்பானியக் கதையைக் கேட்ட நண்பர், "அப்படியானால் நீங்கள் பார்க்கவேண்டிய இடம் கல்பிட்டிக் கோட்டை அன்று; சிரம்பையடி" என்று கூறி முச்சக்கர வண்டியொன்றை அழைத்தார்.

சிரம்பையடி புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூர். ஆபிரிக்க வழிவந்த இலங்கையர் சில குடும்பத்தினர் அங்கே வாழ்கின்றனர். காப்பிரிகள் என்று அவர்களை அழைப்பர். அராபியச் சொல்லொன்றிலிருந்து பிறந்த அப்பெயர் தென்னாபிரிக்காவில் இழிசொல்லாகக் கருதப்படுகிறது. இங்கோ அம்மக்கள் அதனைத் தம் இனப்பெயராகவே ஏற்றுள்ளனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்னும் மூவரும் வெவ்வேறு காலத்தில் அவர்தம் முன்னோரை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இத்தீவுக்குக் கொண்டுவந்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆங்கிலேயரின் இலங்கைப் படையணி கலைக்கப்பட்ட காலத்தில், அதிற் பணியாற்றிய ஆபிரிக்க வீரர் சிலர் புத்தளப் பகுதியிற் குடியமர்ந்தனர். அவர்களின் வழித்தோன்றல்களே இவ்வூரார்.

அவர்கள் பேசிய மொழி எது? அதுவே இப்பயணத்தின் வியப்பு. இலங்கைப் போர்த்துக்கேயம் என்னும் கலப்பு மொழி அது. போர்த்துக்கேயர் ஆட்சி 1658இல் முடிந்தது. அவர் மொழி முடியவில்லை. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் அவர்தம் வீடுகளிலேயே அது பேசப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில், 1819ஆம் ஆண்டு, பொக்ஸ் என்னும் மெதடிஸ்த பாதிரியார் அதற்கு அகராதி அச்சிட்டார். 1900ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த தல்காடோ என்னும் அறிஞர் லிஸ்பன் நகரில் அதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார். மட்டக்களப்புப் பறங்கியர் சிலரது இல்லங்களில் அம்மொழி இன்னும் ஒலிக்கிறது.

அம்மொழியின் வினைகளைக் கண்டால் எமது பிள்ளை துள்ளிக் குதித்திருப்பாள். அங்கே சப்பாத்தும் இல்லை, கட்டமும் இல்லை. பாடு என்பதற்குக் 'கந்தா' என்றால், யார் பாடினாலும் கந்தாவே. நிகழ்காலத்திற்கு முன்னே 'தா', இறந்தகாலத்திற்கு 'ஜா', எதிர்காலத்திற்கு 'லோ' என்று ஒவ்வோர் அசை சேர்த்தாற் போதும். பொதேர் என்னும் வினையும் அங்கே தன் ஈறுகளைக் களைந்துவிட்டு, யாவர்க்கும் ஒரே வடிவத்தில் நின்றது. மேலும், தமிழோடும் சிங்களத்தோடும் பழகிப் பழகி, அம்மொழி வினைமுற்றை வாக்கியத்தின் இறுதிக்குக் கொண்டுவந்தது. பெயருக்கு முன்னே நின்ற 'பாரா' என்னும் இடைச்சொல்லைக் குறுக்கிப் 'பா' ஆக்கிப் பெயருக்குப் பின்னே, நமது 'கு' உருபைப் போலவே ஒட்டிக்கொண்டது. ஐரோப்பியச் சொற்கள் நம் நாட்டு இலக்கணத்தை உடுத்துக்கொண்ட கோலம் அது.

வீட்டு முற்றத்தில் மூதாட்டி ஒருவர் எம்மை வரவேற்றார். கதிரைகள் போடப்பட்டன. சிங்களத்தில் உரையாடினார், நண்பர் தமிழ்ப்படுத்தினார். நாம் வேண்டியதும் அயல்வீட்டாரையும் அழைத்து, மாஞ்சா என்னும் அவர்தம் பாடலைத் தொடங்கினார். ஒருவர் றபான் தட்டினார்; ஒருவர் சிரட்டைகளை மோதினார்; ஒருவர் போத்தலில் நாணயத்தால் தாளமிட்டார். மெதுவாகத் தொடங்கிய பாட்டு வரவர விரைந்து, இறுதியில் சிறுவர்கள் எழுந்து ஆடினர். இலங்கையர் யாவரும் அறிந்த பைலாவின் மூலம் இத்தகைய ஆட்டபாட்டமே. 'பைலார்' என்றால் ஆடுதல். 'பைலா' என்றால் ஸ்பானியத்தில் ஆடுகிறான், ஆடுகிறாள் என்று பொருள். வினைமுற்றொன்றைப் பெயராக்கி நாமெல்லாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பாட்டு முடிந்ததும் பிள்ளை, தனக்கு விளங்கியதுபோலத் தோன்றிய ஒரு சொல்லைச் சொல்லி, அதன் பொருளை வினவினாள். மூதாட்டி புன்னகைத்தார்.

"அம்மாவுக்கு இந்த மொழியிற் பேசத் தெரியும். எனக்குப் பாடத்தான் தெரியும். என் பேரப்பிள்ளைகளுக்குத் தாளம் போடத் தெரியும்" என்றார்.

நண்பர் இதனைத் தமிழிற் சொல்லி முடித்தபின்னர், முற்றத்தில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. அவர் குறைபட்டுச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளவாறு சொன்னார். பின்னர் பிள்ளையைப் பார்த்து, "நீ உன் பாட்டியோடு எந்த மொழியிற் பேசுவாய்?" என்று கேட்டார். "தமிழில்" என்றாள் பிள்ளை. சிறிது தயங்கி, "கொஞ்சம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

பெயரும் வினையும்

அன்று மாலை களப்போரத்தில் அமர்ந்து ஒரு கணக்குப் போட்டோம். போர்த்துக்கேயரிடமிருந்து தமிழ் பெற்ற சொற்கள் எவை? மேசை, கதிரை, அலமாரி, சாவி, சன்னல், பாண், குசினி, விறாந்தை, சப்பாத்து, அலவாங்கு, தவறணை, ஏலம், பாதிரி. பிள்ளை விரல் விட்டு எண்ணினாள். வீட்டில் பாதி அவர்களிடம் கடன் வாங்கியதோ என்று தோன்றும். ஆனால், நாம் எண்ணியவற்றுள் ஒன்றுகூட வினை அன்று. கதிரையை வாங்கினோம், இருத்தலைத் தமிழிலேயே செய்தோம். பாணை வாங்கினோம், உண்டலைத் தமிழிலேயே செய்தோம்.

பெயர்ச்சொல் வாணிபப் பொருள் போன்றது. கப்பலில் ஏறி எக்கரையிலும் இறங்கிவிடும். வினைச்சொல்லோ குடும்பப் பிள்ளை போன்றது. காலத்தோடும் இடத்தோடும் உறவு கொண்டாடி, வா என்றும் வந்தேன் என்றும் வருவேன் என்றும் வளர்வதற்கு, அதனோடு நாள்தோறும் பேசும் மனிதர் வேண்டும். பேசுவோர் குன்றினால் முதலில் வாடுவது அதுவே. சிரம்பையடியில் பாட்டிலே சொற்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை 'ஜா' என்றும் 'லோ' என்றும் நேற்றைக்கும் நாளைக்கும் திருப்பும் வாய்கள் ஓய்ந்துவிட்டன.

இக்காலத்தில் நாம் செய்வதென்ன? "கோல் பண்ணு", "ட்ரை பண்ணு", "மிஸ் பண்ணினேன்" என்கிறோம். கனடாவில் மட்டுமன்று, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும், எமது வகுப்பறையிலும் அப்படியே. முன்னோர் அந்நியப் பெயர்களை வாங்கித் தமிழ் வினையோடு புழங்கினர். நாம் வினையையே வாங்குகிறோம். அழை, முயல், தவறவிடு என்பன நம் நாவில் துருப்பிடிக்கின்றன. நல்லவேளையாக, 'பண்ணினேன், பண்ணுவாய், பண்ணுவார்கள்' என்று ஈறு திருப்பும் வேலையையேனும் தமிழ் இன்னும் தன் கையில் வைத்திருக்கிறது. அந்த ஒற்றை வினையின் தோளில் எத்தனை பாரத்தைத்தான் ஏற்றுவது?

குறை கூறி முடிப்பது எமது கருத்தன்று. நூறு முறை தவறாகச் சொல்லி, நூற்றோராம் முறை சரியாகச் சொல்லும் பிள்ளையே மொழியைக் காக்கிறாள். 'பொதோ' என்று நாம் அன்று வண்டியிற் சொன்னபோது அவள் சிரித்து, 'புவேதோ' என்று திருத்தினாள். 'நான் ஏலாது' என்று அவள் சொன்னபோது நாமும் திருத்தினோம். அதற்கு மேல் மொழி கற்பதில் இரகசியம் ஒன்றும் இல்லை. திருத்துவதற்கு அருகில் ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவே. பெற்றோர்களே, இரவு உணவு வேளையில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று என்ன செய்தாய், யாரைக் கண்டாய், நாளை எங்கே போவாய்? மூன்று காலமும் அதில் அடங்கிவிடும்.

மறுநாட் காலை சிலாபத்தில் இறங்கி, சொன்னபடி முன்னேஸ்வரத்தில் தரிசனம் முடித்துக் கொழும்பு திரும்பினோம். வண்டியில் பிள்ளை மீண்டும் கொப்பியை விரித்தாள். சப்பாத்துக்கு வெளியே, வேர் மாறாது நின்ற 'பொதேமொஸ்' என்னும் சொல்லின் அருகே, கோணல் எழுத்தில், தமிழில் ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தோம்.

"எங்களுக்கு ஏலும்" என்று எழுதியிருந்தாள். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.